பார்த்தோ

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
செல்போன் கடை மாடியில் இத்தாலிய வகுப்பு.
ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வருகிற
பதினோரு நர்சுமார், ஒரு சமையல்காரர்.
சொல்லித்தரும் பெக்ஸி என்னைவிடப் பத்து வயது இளையவள்.
பெரூஜாவில் மடத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு
உடுப்பைத் திருப்பிக் கொடுத்து வந்தாளாம்.
ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.
ஃபீஸ் குறைவு.

முதல் நாள் போர்டில் எழுதினாள்: பார்த்தோ.
நான் புறப்படுகிறேன்.
'எதைப் பார்த்தோம்?' என்றார் சமையல்காரர் லியோன்ஸ்.
எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின்
பிரசவத்துக்கும் அதே சொல்தான் என்றாள்.
ஒன்பது வருடமாக லேபர் வார்டில் நிற்கிறவள் நான்.
அந்த ஊர்க்காரர்களுக்கு
ஏதோ தெரிந்திருக்கிறது.

பார்த்தி.
பாரில் அழுத்தினால், நீ போகிறாய்.
த்தியில் அழுத்தினால், அவன் போய்விட்டான்.
எழுத்தெல்லாம் ஒன்றுதான்,
தலையில் சாய்வாக ஒரு கீறல் தவிர.
நான் கடைசியை இழுத்தேன்: பார்த்தீ.
'நெடில் இல்ல அக்கா. நீட்டாதீங்க, அழுத்துங்க.'
நேர் நிரை பிரித்து நூற்றுக்கு நூறு வாங்கியவள்,
தேமா புளிமா இன்றும் தூக்கத்தில் சொல்வேன்.
ஓர் அசை இன்னோர் அசையைவிடக் கனக்கும் என்று
எந்தத் தமிழ் டீச்சரும் எனக்குச் சொன்னதில்லை.

அஸ்பெத்தோ, காத்திருக்கிறேன்.
என் நோட்டில்: அஸ் / பெத் / தோ.
புள்ளி வைத்த எழுத்து
முன்னால் நிற்பதன்மேல் சாயும், அதுதானே நம் கணக்கு.
சிவப்பு மையில் திருத்தித் தந்தாள்: அ / ஸ்பெத் / தோ.
அங்கே ஸ் பின்னால் வருவதோடு போய்விடுமாம்.
த் மட்டும் நம்மைப்போல்
முன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
காத்திருப்பதை எங்கே வெட்டுவதென்று
எனக்கு இன்னும் கைவரவில்லை.

ததேயூஸ் போட் ஏறி முப்பத்தொரு நாள்.
தேங்காப்பட்டணத்திலிருந்து போனது
லட்சத்தீவுக்கும் அப்பால் எங்கோ நிற்கிறது.

இரவு டூட்டியில் நாடி பிடிக்கையில்
விரலுக்கடியில் ஓடும் பாடம்:
பார்லோ, பார்லி, பார்லா. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான்.
மூன்றிலும் அடி வேரில்.
பார்லியாமோ என்றதும் அழுத்தம் நடுவுக்கு இறங்குகிறது,
பார்லாத்தே, அதிலும் நடுவில்தான்.
பார்லனோ, அவர்கள்.
மறுபடி முதலெழுத்துக்கே ஓட்டம்.
ஆக வேரைவிட்டு விலகி நிற்பது
நாமும் நீங்களும் மட்டும்தான்.
எழுபத்தெட்டு, சிஸ்டர், என்று சார்ட்டில் எழுதச் சொன்னேன்.
உண்மையில் எண்ணவில்லை. திரும்பவும் பிடித்தேன்.

தெ / லே / ஃபொ / ன / னோ.
அவர்கள் போன் செய்கிறார்கள்.
அழுத்தம் கடைசியிலிருந்து நாலாவதில்.
அதன்பிறகு மூன்று அசைகள் பிடிமானமில்லாமல் சறுக்கும்,
சேட்டிலைட் போனில் அவன் குரல்போல:
'ஃப்ளோரீ' என்பது தெளிவாக,
மீதி முழுக்கக் காற்று.

முப்பத்தெட்டாம் நாள் கூப்பிட்டான்.
விசா வந்ததைச் சொன்னேன்.
போட் கரையடைய இன்னும் ஒன்பது நாள்,
எனக்கு டிக்கெட் ஆறாம் நாள்.
ஐஸ் தீர்ந்தால் முன்னால் திரும்பலாம் என்றான்,
ஐஸ் தீரவில்லை என்றும் அவனே சொன்னான்.
கணவாய் நன்றாகக் கிடைக்கிறதாம்.
பார்த்தோ என்ற சொல் வாய்வரை வந்தது.
'அப்ப வாறேன்' என்றேன்.
'நானும் வாறேன்' என்றான்.
எங்கள் கரையில்
போகிறவர் யாரும் போறேன் என்பதில்லை.

கடைசி வகுப்பில் பெக்ஸியிடம் கேட்டேன்:
வா / றேன். நேர் நேர், தேமா.
இதில் எங்கே அழுத்தணும்?
இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.
சாக்பீஸை எடுத்தாள்,
கீறல் போடாமலே வைத்தாள்.
'இதுல அப்படி ஒண்ணு இல்லக்கா.'
கீழே தூத்தூர் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது,
ஒரே நீளமாக.